ஆளுக்கொரு நாற்காலி

வெளிநாட்டுக்குச் சட்டை தைத்து அனுப்பும் அந்தத் தொழிற்சாலையில் அவளை எல்லோரும் டிக்சனரி என்றுதான் கூப்பிடுவார்கள். சின்னவர்கள் பின்னால் ஓர் அக்கா சேர்ப்பார்கள். பெரியவர்கள் அதையும் சேர்க்க மாட்டார்கள். ஆங்கிலத்தில் வருவதைத் தமிழாக்கி அறிவிப்புப் பலகையில் ஒட்டுவதும், தமிழில் புலம்புவதை ஆங்கிலமாக்கி மேலே அனுப்புவதும் அவள் வேலை. ஒன்பது வருஷம் லைனில் நின்று சட்டைகளில் பிசிறு வெட்டியவள், தபாலில் படித்து ஆங்கிலத்தைப் பிடித்து, அலுவலக அறைக்குள் ஒரு மேசையும் சுழலும் நாற்காலியும் வாங்கியிருந்தாள். பிசிறு வெட்டிய கை சும்மா இருக்குமா? இப்போது வாக்கியத்தில் தொங்கும் நூலையெல்லாம் இழுத்துப் பார்க்கிற பழக்கம் வந்துவிட்டது.

அந்தப் பெயர் வந்த கதை சுவாரசியமானது. அலுவலகத்துக்கு வந்த புதிதில், வேன் டிரைவர்களுக்காக ஆங்கிலத்தில் ஓர் அறிவிப்பு வந்தது. இங்கேயே வேலை பார்க்கும் பெண்களைக் கட்டியிருக்கிற டிரைவர்கள் அலுவலகத்தில் வந்து சொல்ல வேண்டும் என்பதுதான் விஷயம். ஆங்கிலத்தில் டிரைவர்களும் பன்மை, மனைவிகளும் பன்மை. இவளும் பயபக்தியோடு ஒன்றையும் விடாமல், “தொழிற்சாலையில் மனைவிகள் உள்ள ஓட்டுநர்கள் தெரிவிக்கவும்” என்று எழுதி ஒட்டிவிட்டாள். அன்று மத்தியானத்துக்குள் இவளுக்கு டிக்சனரி என்று பெயரும் விழுந்தது, டிரைவர்களின் மானமும் கப்பலேறியது. மூத்த டிரைவரின் மனைவி தையல் மெஷினை அப்படியே விட்டுவிட்டு நேரே இவள் மேசைக்கு வந்தாள்.

“ஏம்மா, மனைவிகள்னு போட்டிருக்கியே. என்னைத் தவிர இன்னும் எத்தனை பேர்? லிஸ்ட் இருந்தா குடு, நான் பாத்துக்கறேன்.”

அவளைச் சமாதானப்படுத்தி அனுப்புவதற்குள், கல்யாணமாகாத ஒரு டிரைவர் கதவோரம் வந்து தலையைச் சொறிந்தான்.

“மேடம், எனக்கு ஒண்ணுகூட இல்ல. நான் தெரிவிக்கணுமா, வேண்டாமா?”

“ஒண்ணு இருந்தாலே போதும். ஆனதும் வந்து தெரிவிங்க,” என்று எரிந்து விழுந்தாள்.

எட்டு மாதம் கழித்து முறைப்படி வந்து தெரிவித்தான். பெண்ணின் பெயர் என்று கேட்ட இடத்தில் இவள் பெயரையே எழுதியிருந்தான். இப்படி ஓர் இலக்கணப் பிழையால் கல்யாணமான பெண் உலகத்தில் வேறு யாரும் இருக்க முடியாது என்று இன்றைக்கும் அவன் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான்.

அவளுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. அன்றைக்குப் பிடித்தது ஒரு வியாதி. ஆங்கிலத்தில் இரண்டு பக்கமும் பன்மை வந்து நடுவில் ‘ஹாவ்’ நின்றால் போதும், அவளுக்கு மூச்சு முட்டும். பிள்ளைகளுக்கு மூக்குகள் உண்டு என்று ஆங்கிலம் சொல்லும். பிள்ளைகளுக்கு விரல்கள் உண்டு என்றும் அதே வாயால் சொல்லும். மூக்கு ஆளுக்கு ஒன்று, விரல் ஆளுக்குப் பத்து. அதைக் கேட்கிறவன்தான் கண்டுபிடித்துக்கொள்ள வேண்டும். பிள்ளைகளுக்குப் பந்துகள் உண்டு என்றால்? ஆளுக்கொரு பந்தா, ஆளுக்கு நாலா, முப்பது பேருக்கும் சேர்த்து இரண்டா? அந்தப் பாஷை வாயே திறக்காது. நம்முடையது அப்படியில்லை. ஆளுக்கொன்று, தலைக்கு இரண்டு, அவரவருக்கு என்று பந்தியில் பரிமாறுகிற மாதிரி பிரித்து வைக்க அதற்குத் தெரியும். ஆனால் தெரிந்தவர்கள் வாயை மூடிக்கொண்டால் எந்தப் பாஷையும் ஒன்றுதான். அதைத்தான் அந்தத் திங்கட்கிழமை அவள் செய்தாள்.

திங்கட்கிழமை காலையில், சட்டைகளை வாங்குகிற வெளிநாட்டுக் கம்பெனியிலிருந்து ஒரு கேள்விப் பட்டியல் வந்தது. வியாழக்கிழமை ஓர் அம்மாள் நேரில் வந்து பார்ப்பார், அதற்கு முன்னால் பதில் அனுப்ப வேண்டும். குடிதண்ணீர், கழிவறை, தீயணைப்புக் கருவி என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டே போய், முப்பத்தோராவது கேள்வியாக, செக்கிங் பிரிவில் இருப்பவர்களுக்கு நாற்காலிகள் உண்டா என்று கேட்டிருந்தார்கள்.

செக்கிங் பிரிவு என்பது அவள் மேசைக்கு எதிரே, கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம். நீளமான மேசைகள், மேலே வெள்ளைக் குழல் விளக்குகள். பதினெட்டுப் பெண்கள் தைத்து வந்த சட்டையைத் திருப்பி, தையலைத் தடவி, குறை இருந்தால் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். காலை எட்டிலிருந்து மாலை ஐந்தரை வரை நின்றபடிதான். நாற்காலி இல்லையா என்றால் இருந்தது. நாலு. முழங்கால் ஆபரேஷன் செய்துகொண்ட ஒருத்திக்கும், அவளுக்கு அடுத்தபடி மூத்தவர்கள் மூன்று பேருக்கும்.

மிச்சம் பதினான்கு பேரில் ஒருத்தி டிக்சனரியின் நாத்தனார், புருஷனின் தங்கை. ஆறு வருஷம் காத்திருந்து உண்டான பிள்ளை, ஏழாவது மாதம். அவள் புருஷன் வெளியூரில் வேலை பார்த்ததால் அண்ணன் வீட்டிலேயே தங்கி வேலைக்கு வந்துகொண்டிருந்தாள். காலில் விரலை வைத்து அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நின்றது. இனி நிற்கவே கூடாது என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். இன்னும் ஐந்து வாரம் வேலைக்கு வந்துவிட்டால் சம்பளத்தோடு பிரசவ லீவு கிடைக்கும், பிறகு திரும்பி வர வேலையும் இருக்கும். இப்போதே நின்றுகொண்டால் இரண்டும் போச்சு. ஆக, ஒரு நாற்காலி கிடைத்தால் வேலையும் உண்டு, பிள்ளைக்கும் பயமில்லை. கிடைக்காவிட்டால் எதை விடுவது என்று முடிவெடுக்க வேண்டும். வீட்டில் இரண்டு வாரமாக இதே பேச்சு.

மேனேஜர் முப்பத்தோராவது கேள்வியைப் பேனாவால் தட்டினார்.

“நாற்காலி இருக்குல்ல?”

“இருக்கு சார். நாலு இருக்கு.”

“எத்தனைன்னு கேக்கலயே. உண்டான்னுதானே கேட்டிருக்காங்க?”

“ஆமா சார்.”

“அப்ப எழுதுங்க. செக்கர்ஸ் ஹாவ் சேர்ஸ். இதுல பொய் இருக்கா?”

அவள் யோசித்தாள். செக்கர்ஸ், பதினெட்டுப் பேர், பன்மை. சேர்ஸ், நாலு, பன்மை. இருக்கிறதா, இருக்கிறது. ஒரு சொல்லைக்கூடப் பொய் என்று சுட்டிக்காட்ட முடியாது.

“பொய் இல்ல சார்,” என்றாள்.

எழுதினாள், அனுப்பினாள். பாம்பும் நோகாமல் பாம்படித்த கோலும் நோகாமல் காரியம் முடிந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். ஒரு ‘எஸ்’ போட்டால் மறைத்துவிடலாம் போலிருக்கிறது.

மேனேஜரைக் கொடுமைக்காரர் என்று சொன்னால் அது அநியாயம். மத்தியானச் சாப்பாட்டை நின்றுகொண்டே ஐந்து நிமிஷத்தில் முடிக்கிற மனுஷர். நாற்காலி கொடுத்தால் கை வேகம் குறையும், கணக்கு இடிக்கும், மேலிடம் தன் கழுத்தைப் பிடிக்கும் என்று அவருக்குப் பயம். அவளுக்கு வேறொரு பயம். வாயைத் திறந்தால் மறுபடி பிசிறு வெட்டும் மேசைக்கு அனுப்பிவிடுவார்களோ என்று. ஒன்பது வருஷம் நின்றவளுக்கு அந்தச் சுழல் நாற்காலியின் அருமை தெரியும். அதில் சாய்ந்துகொண்டுதான் அந்த வாக்கியத்தையும் அடித்தாள் என்பது மாலையில் வேனில் போகும்போதுதான் உறைத்தது. சொந்த முதுகே தன்னைக் காட்டிக்கொடுத்தது மாதிரி கூசிப்போனாள்.

வீட்டில் கால் ஓரிடத்தில் தரிக்கவில்லை. துவைத்து மடித்து வைத்த துணியை உதறி மறுபடி மடித்தாள். அடுப்பில் பாலை வைத்துவிட்டு வாசலுக்குப் போனாள், பால் பொங்கி வழிந்தது. நாத்தனார் சுவரோரம் கால்களைத் தலையணை மேல் தூக்கிவைத்துப் படுத்திருந்தாள். முகத்தில் மட்டும் ஒரு வெளிச்சம்.

“அண்ணி, நாற்காலியப் பத்தி வெளிநாட்டுலேர்ந்து கேட்டிருக்காங்களாமே? செக்கிங்ல எல்லாரும் அதான் பேசிக்கறாங்க. நீங்கதானே பதில் எழுதினீங்க?”

“ம்.”

“என்ன எழுதினீங்க?”

“உள்ளதத்தான் எழுதினேன்.”

“அப்ப சரி. நீங்க எழுதினா கரெக்டா இருக்கும். அந்தம்மா வந்து பாத்துட்டு, இது ஆகாது, எல்லாருக்கும் போடுங்கன்னு சொல்லிடுவாங்கல்ல?”

அவள் பால் வழிந்த அடுப்பைத் துடைக்கத் தொடங்கினாள். சுத்தமான பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

அவள் புருஷன் கை கழுவிக்கொண்டே அதைப் பார்த்தான். “என்னாச்சு உனக்கு? அடுப்புக்குப் பெயிண்ட் போயிடப் போவுது.”

“ஒண்ணுமில்ல. செக்கிங் பொண்ணுங்களுக்கு நாற்காலிகள் இருக்குன்னு எழுதினேன். அது பொய்யா, உண்மையா?”

“எனக்கும் எங்கண்ணனுக்கும் வேன்கள் இருக்குன்னு சொன்னா உண்மைதானே?”

“உங்கண்ணன்கிட்ட ரெண்டு. உங்ககிட்ட ஒண்ணும் இல்ல. நீங்க கம்பெனி வேனைத்தானே ஓட்டறீங்க?”

“அதான். கேக்கறவன் எனக்குப் பொண்ணு குடுத்துடுவான், இல்ல?” என்று சிரித்தான். பிறகு தங்கை படுத்திருந்த பக்கம் பார்த்துவிட்டு, சிரிப்பைப் பாதியில் நிறுத்திக்கொண்டான். மனைவி சொன்னது அப்போதுதான் அவனுக்கு முழுசாகப் புரிந்தது. கோபப்பட்டுத் திட்டியிருந்தால்கூட அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும். அவன் தங்கையின் காலடியில் இன்னொரு தலையணையைக் கொண்டுபோய் வைத்தான்.

செவ்வாய்க்கிழமை முழுக்க அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. நல்ல நாற்காலியில் உட்கார வைத்தும் இருப்புக் கொள்ளாதவர்கள் உண்டு என்பதற்கு அன்று அவளே சாட்சி. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நாத்தனார் ஒரு காலை மாற்றி ஒரு காலில் நின்றாள். சட்டையைத் திருப்பும்போதெல்லாம் மேசையில் இடுப்பைச் சாய்த்துக்கொண்டாள். அவள் கால் மாற்றும்போதெல்லாம் இவளும் இங்கே எழுந்து, காரணமில்லாமல் ஒரு ஃபைலை எடுத்துவிட்டு உட்கார்ந்தாள். அனுப்பிய பதிலைத் திருத்தி அனுப்பலாமா என்று நாலு தடவை தட்டச்சு செய்தாள். நாலு தடவையும் அழித்தாள்.

புதன்கிழமை காலையில் ஒரு மின்னஞ்சல். அனுப்பிய பதில்களைத் தொழிலாளர்களின் மொழியிலும் எழுதி, மேனேஜர் கையெழுத்தோடு எல்லோரும் பார்க்கும் இடத்தில் ஒட்டியிருக்க வேண்டுமாம். வரும் அம்மாள் பார்ப்பாராம். அவள் முப்பது பதில்களையும் தமிழில் எழுதிக்கொண்டே வந்து, முப்பத்தொன்றில் நின்றாள்.

தப்பிக்க வழி இல்லாமல் இல்லை. ‘நாற்காலி வசதி உண்டு’ என்று எழுதிவிட்டுப் போகலாம். அறிவிப்புத் தமிழில் வசதி என்கிற சொல்லுக்கு ஈடு இணை கிடையாது. குழாயில் தண்ணீர் வராவிட்டாலும் குடிநீர் வசதி உண்டு. பூட்டியே கிடந்தாலும் கழிவறை வசதி உண்டு. அதைத்தான் அவளும் முதலில் எழுதினாள். நிமிர்ந்து பார்த்தாள். நாத்தனார் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி நின்றிருந்தாள். பக்கத்தில் இருந்தவள் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.

அவள் எழுதியதை அழித்தாள். ‘செக்கிங் பிரிவில் ஆளுக்கொரு நாற்காலி உண்டு’ என்று எழுதினாள். இதுதான் பொய் என்று அவளுக்குத் தெரியும். ஆங்கிலத்தில் உண்மையை எழுதி வஞ்சகம் செய்தாயிற்று, தமிழில் பொய்யை எழுதி என்ன ஆகிறதென்று பார்த்துவிடலாம் என்று ஒரு துணிச்சல்.

மேனேஜருக்குப் படிப்பெல்லாம் ஆங்கிலத்தில். தமிழ் பேசுவார், ஏசுவார், வாசிக்கச் சொன்னால் மட்டும் எழுத்துக் கூட்டுவார். ஆங்கிலத் தாளை இரண்டு தடவை படிப்பவர், தமிழ்த் தாளைத் திருப்பிக்கூடப் பார்ப்பதில்லை.

“சார், ஒரு தடவை பாத்துடுங்க.”

“தமிழ்தானே, அதெல்லாம் நீங்க பாத்தா போதும்,” என்று சர்ரென்று கையெழுத்துப் போட்டார்.

பதினொன்றரை மணிக்கு ஒட்டினாள். சாப்பாட்டு மணி அடித்ததும் கூட்டம் பலகையை மொய்த்தது. முழங்கால் ஆபரேஷன்காரிதான் சத்தம் போட்டு வாசித்தாள். “ஆளுக்கொரு நாற்காலி உண்டு. அடியே, மேனேஜர் கையெழுத்துப் போட்டிருக்காரு!”

இருப்பதாகச் சொல்லும் அறிக்கையை, கொடுக்கச் சொல்லும் உத்தரவாக அவர்கள் வாசித்துக்கொண்டார்கள். உண்டு என்றால் எடுத்துக்கொள் என்றுதானே அர்த்தம்? சாப்பாடு முடிந்து மணி அடித்தபோது கேன்டீனிலிருந்து எட்டு பிளாஸ்டிக் நாற்காலிகள் ஊர்வலமாக வந்தன. முதலுதவி அறையிலிருந்து இரண்டு ஸ்டூல். ஸ்டோரில் மூலையில் கிடந்த கை உடைந்தது ஒன்று. வாசல் காவலாளி எழுந்து கேட்டைத் திறக்கப் போன நேரத்தில் அவர் நாற்காலியும் கிளம்பிவிட்டது. கேட்டில் நின்றபடி அவர் போட்ட கூச்சல் மூன்றாவது மாடி வரை கேட்டது. இன்னும் இரண்டு குறைய, மேனேஜர் அறையில் விருந்தாளிகளுக்குப் போட்டிருந்த மெத்தை நாற்காலிகளையே சூப்பர்வைசரம்மா முன்னின்று தூக்கிக் கொடுத்தாள். கையெழுத்து இருக்கும்போது அவளுக்கு என்ன பயம்? அப்படி வந்த மெத்தை நாற்காலி ஒன்றில் நாத்தனாரைப் பிடித்து உட்கார வைத்தார்கள். உட்கார்ந்ததும் அவள் கண்ணாடி வழியே அண்ணியைத் தேடிப் பார்த்தாள். கண்ணில் தண்ணீர். டிக்சனரி தலையைக் குனிந்துகொண்டு இல்லாத பிழையைத் தாளில் தேடினாள்.

மேனேஜர் அன்று வெளியே போய்விட்டு, மறுநாள் வந்த அம்மாளோடுதான் செக்கிங் பிரிவுக்குள் நுழைந்தார். பதினெட்டுப் பேரும் உட்கார்ந்திருந்தார்கள், அதில் இரண்டு பேர் அவருடைய நாற்காலியில். அவர் முகம் போன போக்கைச் சொல்லி முடியாது. வந்த அம்மாளுக்கோ ஒரே சந்தோஷம். எல்லோரையும் படம் எடுத்தார். அறிவிப்புப் பலகையை, கீழே இருந்த கையெழுத்து தெளிவாக விழும்படி, தனியாகப் படம் எடுத்தார். மேனேஜர் கையைக் குலுக்கிவிட்டுப் போனார்.

கார் கேட்டைத் தாண்டியதும் டிக்சனரிக்கு மேனேஜர் அறையிலிருந்து அழைப்பு வந்தது. உட்காரச் சொல்ல அறையில் நாற்காலி இல்லை.

“நான் அப்படியா சொன்னேன்?”

“செக்கர்ஸ் ஹாவ் சேர்ஸ்னு சொன்னீங்க சார். அதத்தான் தமிழ்ல போட்டேன்.”

“ஆளுக்கொண்ணுன்னு எங்க சொன்னேன்?”

“ஆளுக்கொண்ணு இல்லன்னும் நீங்க சொல்லல சார்.”

படம் கடல் தாண்டிப் போய்விட்டது, இனி நாற்காலியைப் பிடுங்க முடியாது என்பது அவருக்கும் தெரிந்தது. கடைசியில் தாழ்ந்த குரலில், “நாற்காலி மேல உங்களுக்கு இவ்வளவு அக்கறை இருக்கில்ல. திங்கக்கிழமையிலேர்ந்து நீங்களும் செக்கிங்லயே இருங்க,” என்றார்.

பிசிறு மேசைக்குப் பதில் செக்கிங் மேசை, மற்றபடி அவள் பயந்தது அப்படியே நடந்தது. மேசையைக் காலி செய்யும்போது அழுகை வந்தது. வரவில்லை என்று சொன்னால் யார் நம்புவார்கள்? தபாலில் படித்து வாங்கிய இடம்.

திங்கட்கிழமை காலையில் பதினான்கு புது நாற்காலிகள் வந்து இறங்கின. அவள் புருஷன் வேனில்தான் வந்தன. கேன்டீனுக்கும் காவலாளிக்கும் அவரவர் நாற்காலி திரும்பியது. பழசு நாலு, புதுசு பதினாலு, பதினெட்டுப் பேரும் உட்கார்ந்தார்கள். பத்தொன்பதாவது ஆளாக டிக்சனரி ஒரு சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். கணக்குப் போட்டவர்கள் அவளைக் கணக்கில் சேர்க்கவில்லை.

“அண்ணி, நீங்க உக்காருங்க,” என்று நாத்தனார் எழப் போனாள்.

“எழுந்தேன்னா பாரு. இன்னும் நாலு வாரம் நீ அதுலதான்,” என்று தோளைப் பிடித்து அழுத்தினாள்.

பதினொரு மணிக்கெல்லாம் குதிகால் வலிக்கத் தொடங்கியது. ஒன்பது வருஷத்து வலி, அட்ரஸ் மறக்காமல் வந்துவிட்டது. அப்போது மேனேஜர் சுற்றிப் பார்க்க வந்தார். அவளைப் பார்க்காத மாதிரி கடந்து போனார். அவள் சட்டையை மேசையில் வைத்துவிட்டு அவர் பின்னாலேயே அறிவிப்புப் பலகை வரை போனாள். பதினெட்டுப் பேரின் கைகளும் நின்றுவிட்டன.

“சார், முப்பத்தொண்ணைக் கொஞ்சம் படிங்க.”

“எனக்கு நேரமில்ல.”

“ஒரு வரிதான் சார். நீங்க கையெழுத்துப் போட்டது.”

அவர் கோபத்தோடு திரும்பினார். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வேறு வழியில்லாமல் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, தன் கையெழுத்துக்கு மேலே இருந்ததை முதல் தடவையாக எழுத்துக் கூட்டி வாசித்தார்.

“ஆ... ளுக்... கொரு...”

“நான் ஆள் இல்லையா சார்?” என்றாள்.